ஒச்சம்மாள் பானை

கண்டக்டர் சாமியைப் பற்றிச் சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். சாமி என்றால் தாடி வேண்டும், சடை வேண்டும், காலில் செருப்பு இருக்கக் கூடாது என்று நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். இவர் தினமும் சவரம் செய்துகொள்வார். ரப்பர் செருப்பு போட்டிருப்பார். வெந்நீரில்தான் குளிப்பார்.

ஈட்டிமேட்டுக்கு வரும் மலை பஸ்ஸில் பதினாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாள் கடைசி ஸ்டாப்பில் இறங்கினார், திரும்ப ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரையும் இறங்கச் சொன்னேன். நானும் இறங்கிட்டேன்" என்பார். அதற்கு மேல் பிடுங்கினாலும் வராது.

அவரைத் தேடி நாலு பேர் வந்தார்கள். நாலு நாற்பதாகவில்லை, எட்டுதான் ஆனது. உள்ளதைச் சொல்கிற சாமிக்கு அவ்வளவு கூட்டம் சேர்ந்ததே பெரிது.

ஒரு நாள் சீடர் ஒருவர் பஸ்ஸைத் திட்டிக்கொண்டே வந்தார். "அரை மணி நேரம் லேட்டு சாமி! என்ன பஸ் விடுறாங்க!"

"நடந்து வந்தா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் சாமி.

"நடந்தா ஒரு பகல் பூரா ஆகும்."

"அப்ப சீக்கிரமாத்தானே வந்திருக்கீங்க?"

சீடர் அதற்குப் பிறகு பஸ்ஸைத் திட்டுவதை நிறுத்தினாரா என்றால், இல்லை. ஆனால் சாமி காதில் விழாமல் திட்டினார்.

ஈட்டிமேடு அறுபது வருஷத்து ஊர். கீழே மானாவாரிக் காட்டில் மூன்று வருஷம் மழை பொய்த்தபோது, பதினேழு குடும்பம் மலையேறி வந்து, காட்டை வெட்டி, ஏலக்காயும் மிளகும் போட்ட இடம். அப்போது பாதை கிடையாது, விளக்கு கிடையாது. அட்டை கடிக்கும். யானை வந்து குடிசையைப் பிரித்துப் போடும். மலைக்காய்ச்சல் வந்தால் பிழைக்கிறவன் பிழைத்தான்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பதினேழு வீட்டிலும் சாமி மூலையில் ஒரு சாமான் இருக்கும். முதலில் மலையேறி வந்தவர் சாகும்போது கடைசியாகக் கையில் வைத்திருந்த சாமான். ஒரு வீட்டில் கோடாலி. ஒரு வீட்டில் கடப்பாரை. ஒரு வீட்டில் காய்ச்சல் மாத்திரை டப்பாகூட இருக்கிறது, அதற்கும் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

மாசி மாதம் முதல் வெள்ளிக்கிழமை வெட்டுநாள். முதல் மரம் விழுந்த நாள். அன்று அந்தச் சாமானைக் கழுவிப் பொட்டு வைத்து, ஊரே மெயின் சுவிட்சை அணைத்துவிடும். கேஸ் அடுப்பு மூட்டக் கூடாது, பஸ் ஏறக் கூடாது. பள்ளத்துத் தண்ணியும் சுட்ட மரவள்ளிக் கிழங்கும்தான் சாப்பாடு. மறுநாள் விடிந்ததும் சுவிட்சைப் போடுவார்கள். அந்த நேரம் கண்டக்டர் சாமியைப் பார்க்க வேண்டும். பல்பு எரிந்ததும் கை தட்டுவார்.

"இதுக்கு ஏன் சாமி கை தட்டுறீங்க?"

"நேத்து பூரா கும்பிட்டோம்ல? பதில் வந்திருக்கு."

இந்த ஊரில் வீரணன் என்று ஒருவர். வயது அறுபத்தேழு. சாமியைவிட இருபது வயது மூத்த சீடர். மற்றவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வெட்டுநாள். வீரணனுக்குத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் வருஷம் பூராவும் வெட்டுநாள். நாலு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தெருக்குழாய் வந்தது. ஊரே அங்கே வரிசையில் நின்றது. வீரணன் வீடு மட்டும் பள்ளத்தில் இறங்கித்தான் தண்ணீர் எடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் சாமியிடம் வந்தார். சாமி வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கண்ணே."

"உக்கார நேரமில்லை சாமி. ஒரே ஒரு கேள்வி. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. அதுக்கு மேல வேண்டாம்."

"கேளுங்க."

"வீட்டுக்குள்ள குழாய் வைக்கலாமா, கூடாதா?"

"குழாய்க்காரர்கிட்ட கேக்க வேண்டியதை என்கிட்ட கேக்குறீங்களே."

"அவர் என் வீட்டு வாசல்லதான் நிக்கிறார் சாமி. வீட்டுக்கு வீடு குழாய் குடுக்குறாங்கல்ல? தெருவுல எல்லாருக்கும் வச்சாச்சு, என் வீடுதான் பாக்கி. இன்னிக்கு மத்தியானத்தோட குழியை மூடிட்டு, மிச்சக் குழாயைத் தூக்கிக்கிட்டுக் கீழே போயிருவாங்க. மறுபடி எப்ப வருவாங்கன்னு அந்தக் கருப்பனுக்குத்தான் வெளிச்சம்."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லிட்டேன். பெருமாயி பையைக் கட்டிட்டா."

பெருமாயி அவர் மனைவி. கல்யாணமாகி நாற்பத்துநாலு வருஷம்.

"மூணு மணி பஸ்ஸுக்கு மக வீட்டுக்குப் போறாளாம். போனா வரமாட்டாளாம்."

"கோவத்துல சொல்றாங்களோ என்னமோ."

"கோவமாச் சொன்னாத்தான் பரவாயில்லையே! சிரிச்ச முகமாச் சொல்றா சாமி. அதான் ஓடி வந்தேன்."

சாமி டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, குழாய் உங்களுக்கு என்ன குத்தம் பண்ணுச்சு?"

வீரணன் இப்போது உட்கார்ந்தார்.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு. மலைக்காய்ச்சல். எங்க ஆத்தா ஒச்சம்மாள்கிட்ட தண்ணி, தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன். ஆத்தா வெளிய போச்சு. வரவே இல்லை. பள்ளத்துல விழுந்துருச்சு. பொழுது சாயத்தான் தூக்கிட்டு வந்தாங்க. நான் கேட்ட தண்ணிக்குப் போயித்தான் சாமி ஆத்தா செத்துச்சு. நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்திருந்தா..."

வீரணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆத்தா கையில கடைசியா என்ன இருந்துச்சுன்னு ஊர்ல கேட்டாங்க. அய்யா அழுதுகிட்டே இருந்தாரு, பேசலை. பானைன்னு நான்தான் சொன்னேன். சாமி மூலையில நானே எடுத்து வச்சேன். அய்யா அதுக்குப் பிறகு யார்கிட்டயும் பேச்சே வச்சுக்கலை. ரெண்டு வருஷத்துல அவரும் போயிட்டாரு. அன்னிலருந்து இன்னிக்கு வரைக்கும் அந்தப் பள்ளத்துத் தண்ணியைத்தான் குடிக்கிறேன். ஆத்தா உசுரைக் குடுத்த தண்ணி, நான் ரெண்டு விரலால திருகினா வர்றதா? நியாயமா அது? தொண்டையில எறங்குமா?"

"தினமும் நீங்கதான் எடுக்குறீங்களா?"

"அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் நான்தான். இடுப்பு போச்சு. ரெண்டு வருஷமா பெருமாயி எடுக்குறா."

"நேந்துக்கிட்டது யாரு?"

"நான்தான்."

"எத்தனை நடை?"

"மூணு நடை. எறங்க கால் மணி, ஏற அரை மணி. எல்லாம் வழுக்குப் பாறை."

"மதினிக்கு முழங்கால் எப்படி இருக்கு?"

வீரணன் தரையைப் பார்த்தார். "எண்ணெய் தேய்ச்சு விடுறேன் சாமி," என்றார்.

சாமி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க."

"பதில் சொல்லலையே?"

"அங்க வந்து சொல்றேன். நடங்க."

வீரணன் வீட்டு வாசலில் குழி வெட்டிக் கிடந்தது. குழாய்க்கட்டின் மேல் உட்கார்ந்து அந்தோணி என்ற குழாய்க்காரர் பீடியைப் பற்றவைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சாமியைப் பார்த்ததும் பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

வாசற்படியில் துணிப்பை. பக்கத்தில் பெருமாயி. நல்ல சேலை கட்டி, தலை வாரி, ஊருக்குப் புறப்பட்டே விட்டாள்.

"சாமி, சமாதானம் பேச வந்திருந்தீங்கன்னா இப்பவே சொல்லிர்றேன்," என்றாள். "நான் சண்டை போட்டுட்டுப் போகலை. இவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா என் முழங்காலுக்கு இருக்கு."

"நான் எதுக்கு சமாதானம் பேசப் போறேன்? தண்ணி எடுக்க வந்தேன் மதினி."

"என்னது?"

"நீங்க ஊருக்குப் போயிட்டா அண்ணன் நேர்த்தி என்ன ஆகுறது? இன்னிக்கு ஒரு நடை நான் போறேன். எடுங்க குடத்தை."

பெருமாயிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. உள்ளே போய் பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பிளாஸ்டிக் வேண்டாம். எடுக்குறதுதான் எடுக்குறோம், மொறையா எடுப்போம்." சாமி உள்ளே நடந்தார். சாமி மூலையில் பொட்டு வைத்துத் துண்டு கட்டியிருந்த மண்பானையைக் காட்டினார். "அதுல எடுக்குறேன்."

வீரணன் பதறிப்போய்க் குறுக்கே நின்றார். இடுப்பு வலி எங்கே போனதோ தெரியவில்லை.

"சாமி! அது ஆத்தா பானை!"

"தெரியும். ஆத்தா தண்ணி எடுத்த பானை. நானும் தண்ணி எடுக்கத்தானே கேக்குறேன்? சோறு பொங்கவா கேட்டேன்?"

"ஒடைஞ்சிரும் சாமி!"

"பத்திரமாக் கொண்டுபோறேன்."

"நீங்க எவ்வளவு பத்திரமாப் போனாலும் சரி, அது மண்பானை! அந்தப் பாறையில ஒரு வாட்டி கால் வழுக்குச்சுன்னா முடிஞ்சுது. ஓடுகூடப் பொறுக்க முடியாது."

"அவ்வளவு மோசமா? நீங்க சும்மா பயங்காட்டுறீங்க."

"அம்பது வருஷத்துக்கு மேல எறங்கி ஏறினவன் சாமி நான்! எனக்குத் தெரியாதா? பத்துப் பன்னெண்டு பானையாவது போட்டு ஒடைச்சிருப்பேன். ஒண்ணாவது பொழைச்சிருக்கணுமே? விழுந்தா தூளு."

"சரி, சரி. தூக்கிட்டுப் போகலை. பாக்கவாச்சும் விடுங்க."

சாமி பானையை இரண்டு கையாலும் எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அடியைப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். சந்தையில் பானை வாங்குகிறவள் தட்டுவது போல விரல் முட்டியால் தட்டினார். டங்கென்று நல்ல சத்தம்.

"அண்ணே, ஆத்தா விழுந்தப்ப பானை எங்க இருந்துச்சு?"

"தலையில," என்றார் வீரணன். வாழ்நாள் பூராவும் சொன்ன பதில் என்பதால் உடனே வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது.

பானையின் அடியைத் தானும் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

பெருமாயி பையைக் கீழே போட்டுவிட்டு வந்து பானையை வாங்கினாள். அவளும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நாப்பத்துநாலு வருஷம். வருஷா வருஷம் நான்தானே கழுவுறேன். ஒரு கீறல்கூடக் கிடையாதே. அட பாவிமக்கா, எனக்கு ஏன் இது தோணலை?"

"புல்லு மேல விழுந்திருக்கலாம்," என்றார் வீரணன் அவசரமாக. "அய்யா வேற பானை வாங்கிட்டு வந்திருக்கலாம்..."

மனுஷன் அப்படித்தான். சுமையை இறக்கி வை என்றால், தலையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான்.

"இருக்கலாம்," என்றார் சாமி. "அன்னிக்கு நீங்க தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கலை. ஆத்தா போன பிறகு தவழ்ந்து போயி நானே மோந்து குடிச்சேன். செரட்டையில."

"எதுலருந்து மோந்தீங்க?"

வீரணன் பெருமாயி கையிலிருந்த பானையைப் பார்த்தார்.

"இதுலருந்துதான்," என்றார். "வீட்டுல இருந்ததே இந்த ஒரு பானைதான். மூலையில இருந்துச்சு. கழுத்து வரைக்கும் தண்ணி. குனிஞ்சப்ப என் மூஞ்சி தெரிஞ்சுச்சு."

"கழுத்து வரைக்குமா?"

"கழுத்து வரைக்கும்."

"அப்ப நீங்க கேட்ட தண்ணி?"

"ஆத்தா... கொண்டாந்து வச்சிருச்சு. கொண்டாந்து வச்சிட்டுத்தான் போயிருக்கு." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பெருமாயி பானையைக் கீழே வைத்துவிட்டு வந்து தோளைத் தாங்கினாள். "பின்னே எதுக்குப் போச்சு? தண்ணி நெறஞ்சிருக்கே, அந்தப் பள்ளத்துக்கு எதுக்குப் போச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்பப் பொறக்கவே இல்லை. குடிசைக்குள்ள இருந்தது நீங்கதான். என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

வீரணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அரிவா தீட்டுற சத்தம்," என்றார். "வாசல்ல."

"தண்ணி எடுக்க எதுக்கு அரிவா?" என்றாள் பெருமாயி. "ஆமா, அத்தை கெடந்தது எந்தப் பக்கம்? மூங்கில் பக்கம்னு சொல்லுவீங்களே. தண்ணிக்கு எறங்குற வழி கிழக்கால இருக்கு. மூங்கில் மேக்கால இருக்கு."

"மூங்கில்..." வீரணன் கண்ணைத் திறந்தார். "குடிசைக்குப் பின்னால மூங்கில் அடுக்கி இருந்துச்சு. ரெண்டாப் பொளந்தது. பத்துப் பதினஞ்சு இருக்கும். அய்யா அதை யாரையும் தொட விடமாட்டாரு. அவரு போன பிறகு அடைமழையில வெறகு இல்லாம நான்தான் எரிச்சேன். வேலி கட்ட வெட்டுனதுன்னு நெனைச்சேன்."

இவ்வளவு நேரம் குழிக்குப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தோணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பெரியவரே, குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. அந்த மூங்கில்ல கணு இருந்துச்சா?"

"கணு இல்லை. எல்லாத்தையும் தட்டி எடுத்து, உள்ள வழவழன்னு இருந்துச்சு. ஆத்தா இருந்தப்ப நான் கோலிக்குண்டு உருட்டி வெளையாடுவேன். இந்த முனையில விட்டா அந்த முனையில போயி விழும்."

"வேலிக்கு எவனாச்சும் கணுவைத் தட்டுவானா?" என்றார் அந்தோணி. "அது தண்ணி எறக்குறதுக்குப் பெரியவரே! இரும்புக் குழாய் வர்றதுக்கு முன்னால மலையில எல்லாம் அப்படித்தானே. மூங்கிலைப் பொளந்து, கணுவைத் தட்டி, ஒண்ணு மேல ஒண்ணாக் கோத்துக்கிட்டே வந்தா தண்ணி வீட்டு வாசலுக்கே வந்துரும்."

"எங்கருந்து வரும்?"

"இங்கன்னா மேல் ஊத்துலருந்துதான் வரணும். வேற எங்க தண்ணி இருக்கு? நாங்களும் அங்கருந்துதானே கொண்டாந்திருக்கோம்."

வீரணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுச்சு," என்றார். "ஆத்தா சொல்லுச்சு சாமி. நெத்தியில கையை வச்சு, 'இன்னும் நாலு மூங்கில்தாண்டா வேணும், பொறுத்துக்க, தண்ணி வாசலுக்கே வந்துரும்'னு சொல்லுச்சு. காய்ச்சல்ல கனாக் கண்டேன்னு நெனைச்சேன். அம்பத்தெட்டு வருஷமா அதைக் கனான்னே நெனைச்சேன்."

பிறகு அழுதார். சின்ன அழுகை இல்லை. ஒன்பது வயதுப் பையன் அன்றைக்கு அழ வேண்டிய அழுகை, காய்ச்சலிலும் பயத்திலும் உள்ளேயே நின்றுபோன அழுகை. "நான் கேட்டதால இல்லை, நான் கேட்டதால ஆத்தா சாகலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெருமாயி நல்ல சேலை அழுக்காகிறதே என்றுகூடப் பார்க்காமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளும் அழுதாள். அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டு இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

சாமி பானையை எடுத்துப்போய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

அழுது முடித்ததும் வீரணன் மூச்சை ஒரு முறை நன்றாக இழுத்து விட்டார். தோள் இரண்டும் இறங்கின. அவர் தோள் அவ்வளவு கீழே இறங்கும் என்று அன்றைக்குத்தான் பெருமாயிக்கே தெரிந்தது.

"தம்பி," என்று அந்தோணியைக் கூப்பிட்டார். "குழாயை எங்க வைக்கப் போற?"

"நீங்க சொல்ற எடத்துல வைக்கிறேன்."

"என்னைக் கேக்காத. அவளைக் கேளு."

பெருமாயி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எத்தனையோ வருஷமாக மனசுக்குள் யோசித்து வைத்திருந்த இடம். "அடுப்படிக்குள்ள. சன்னலுக்குக் கீழ. நான் குனியாமப் பிடிக்கிற ஒசரத்துல."

"அப்ப நீ ஊருக்குப் போகலையே?" என்றார் வீரணன்.

"குழாயில தண்ணி வரட்டும், பெறகு பாப்போம்."

அந்தோணி வேலையை ஆரம்பித்தார். சுவரைத் துளைக்கிற சத்தம் கேட்டது. பெருமாயி வாசற்படியில் கிடந்த பையைப் பார்த்தாள், வீரணனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், விழுங்கினாள், பிறகு சொல்லியேவிட்டாள்.

"சாமி முன்னால ஒண்ணு சொல்லிர்றேன். மழை நாள்ல நான் பள்ளத்துக்குப் போகலை. தெருக்குழாயிலதான் பிடிச்சேன்."

"எந்த மழை நாள்ல?"

"எல்லா மழை நாள்லயும்தான். ரெண்டு வருஷமா."

வீரணன் அவளை முறைத்தார். "போன ஐப்பசியில பத்து நாளு விடாம அடிச்சுதே, அப்பவா?"

"அப்பவும்தான்."

"அப்பத்தானே 'என்ன இருந்தாலும் பள்ளத்துத் தண்ணி ருசியே தனி'ன்னு சொன்னேன்?"

"சொன்னீங்க. ரெண்டு செம்பு குடிச்சீங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

முதலில் சாமிதான் சிரித்தார். அப்புறம் அந்தோணி. கடைசியில் வீரணனும் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

மூன்று மணி பஸ் வந்தது. பெருமாயி சொல்லி வைத்திருந்ததால் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பெருமாயி அடுப்படிச் சன்னலில் தலையை நீட்டி, "இன்னிக்கு வரலைப்பா! பொங்கலுக்கு வர்றேன், ரெண்டு பேருமா வர்றோம்!" என்று கத்தினாள். பஸ் போய்விட்டது.

மூன்றரைக்குக் குழாய் தயார். அந்தோணி வெளியே போய் வால்வைத் திறந்தார். குழாய் முதலில் இருமியது. காற்றாக வந்தது. செம்மண்ணாக வந்தது. பிறகு தெளிந்து, சன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று கொட்டியது. பெருமாயி ஒரு கையை அதற்குக் கீழே நீட்டிக்கொண்டு நின்றாள். குடம் பிடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றாள். தண்ணீர் கையில் விழுந்து ஓடியது.

"அய்யோ வீணாப் போகுது, நிறுத்து" என்று சொல்ல வந்த வீரணன் சொல்லவில்லை.

பிறகு அவள் ஒரு செம்பு பிடித்து அவரிடம் நீட்டினாள். அவர் அண்ணாந்து குடித்தார். நெஞ்செல்லாம் நனைந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"குளுகுளுன்னு இருக்குடி," என்றார் வீரணன். "குளுகுளுன்னு இருக்கு. இனி ஒரு கொடம் பிடிச்சு அடுப்புல வை. உன் காலுக்கு நான் வெந்நீ ஊத்துறேன்."

அந்தோணி ஆட்களோடு குழியை மூடிவிட்டு, மிச்சக் குழாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சாமியும் புறப்பட்டார். வீரணன் வாசல் வரைக்கும் கூட வந்தார்.

"சாமி, காலையில கேட்ட கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலை."

"இன்னுமா வேணும்?"

"வேண்டாம், வேண்டாம்." வீரணன் சிரித்தார். மலைச் சரிவில் பள்ளம் இருக்கிற பக்கம் ஒரு முறை பார்த்தார். "அம்பத்தெட்டு வருஷம். பெருமாயி ஏமாத்துன மழை நாளு போக, ஒரு நாளு தவறாம எறங்கி ஏறினோம். இனிமே அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. இல்லையா சாமி?"

"ஒரு தடவை போகணும்."

"இன்னுமா? எதுக்கு?"

"மூங்கில் வெட்டப் போன ஆத்தா இன்னும் வீடு திரும்பலையே அண்ணே. தண்ணி வாசலுக்கு வந்துருச்சு, வேலை முடிஞ்சுது, வா ஆத்தான்னு யாராச்சும் போயிக் கூப்பிடணும்ல?"